சொந்தச் சாமான் ஏற்றும் பழைய வானுக்கு எந்தக் காப்புறுதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனக் காப்புறுதி விண்ணப்பத்தில், வாகனம் எதற்குப் பயன்படுகிறது என்றொரு கேள்வி உண்டு. எனக்குத் தரப்பட்ட படிவத்தில் அதன் கீழே இரண்டே கட்டங்கள் இருந்தன: ஒன்று சொந்தப் பாவனை, மற்றது வாடகைப் பாவனை. மாதத்தில் சில நாட்கள் மட்டும், தன் தொழிலுக்காகத் தன் சாமானைத் தன் வண்டியிலேயே கொண்டு போகிறவர் எந்தக் கட்டத்தில் அடையாளம் இடுவது? திருகோணமலையில் சிறு தொழில் செய்யும் பலருக்கும் இதே சிக்கல் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் இருந்துகொண்டு மணவறையும் மேடை அலங்காரமும் செய்து கொடுக்கிறேன். திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களின் கல்யாண மேடைகள் என்று வேலை வரும். ஆடியிலும் மார்கழியிலும் வான் அசையாது. தையிலும் வைகாசியிலும் முகூர்த்த நாட்களில் ஓய்வே இருக்காது. எங்கள் வான் பழைய டொயோட்டா டவுன்ஏஸ். என் கணவர் வாங்கியது, பதிவுப் புத்தகமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்குக் கிடைத்த அளவோடு ஊர் முழுவதும் முடங்கியபோது எங்கள் தொழிலும் படுத்துவிட்டது. கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். வான் முற்றத்தில் படங்கு போர்த்தி நின்றது. ஓடாமல் நிற்கிறது என்பதை அப்போதே பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

இப்போது மறுபடியும் வேலைகள் வருகின்றன. கராஜில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்து, பற்றரியும் டயர்களும் மாற்றி, புகைப் பரிசோதனைச் சான்றிதழும் எடுத்தாயிற்று. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல், வண்டியைத் தெருவில் ஓட்ட ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. எல்லாம் அங்கேதான் வந்து நின்றது.

ஒரு நிறுவனத்தில், வண்டியின் வயதைக் கேட்டவுடனேயே மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும்தான் தரலாம் என்றார்கள். இன்னொன்றில், "தொழிலுக்கு என்றால் வாடகைதான்" என்று சொல்லி வாடகை வானுக்குரிய கட்டுப்பணத்தைக் கேட்டார்கள். நான் யாரிடமும் வாடகை வாங்குவதில்லை, என் தூண்களையும் விளக்குகளையும்தான் ஏற்றுகிறேன் என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மற்றொரு முகவர் நல்ல மனத்தோடுதான் ஒரு வழி சொன்னார்: "சொந்தப் பாவனை என்றே போடுங்கள் அக்கா, யார் பார்க்கப் போகிறார்கள்?" அந்த யோசனை எனக்குப் பயத்தையே தந்தது. விபத்து நடந்த பிறகு பார்ப்பார்கள். வானுக்குள் மணவறைத் தூண்கள் கிடக்க, சொந்தப் பாவனை என்று எழுதிய பத்திரத்தை நீட்டினால், உண்மையை மறைத்தீர்கள் என்று கோரிக்கையை நிராகரிக்க அந்த ஒரு வரி போதும். முகவர் வாயால் சொன்னது அன்றைக்கு எங்கும் இருக்காது.

மூன்றாந்தரப்புக் காப்புறுதியே போதாதா என்று என் அக்காவும் கேட்டார். நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்குத்தான் அது. நம் வண்டிக்கு ஒரு சதமும் தராது. தம்பலகாமத்தில் இரவு விருந்து முடிந்து மேடையைக் கழற்றி ஏற்ற நள்ளிரவு தாண்டிவிடும். ஹபரணைப் பக்கம் ஒரு வேலை என்றால் திரும்பும் வழியெல்லாம் யானை நடமாட்டம். இருட்டில் ஒரு யானை குறுக்கே வந்துவிட்டால் அந்த வானோடு என் பிழைப்பும் போய்விடும். பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி எதற்கு என்று கேட்பவர்கள், அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் ஒரு நிறுவனம் வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது. பார்க்க வந்தவர் இளைஞர், பொறுமைசாலி. கடற்காற்றில் நின்ற வண்டி ஆதலால் சேசிஸ் இலக்கம் துருவுக்குள் மறைந்து கிடந்தது. பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அக்காவின் மகன்தான் எனக்கு வான் ஓட்டுபவன். அவன் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, ஒவ்வோர் இலக்கமாக மேலே வந்தது. வந்தவர் கைபேசி வெளிச்சத்தில் அதைப் படம் எடுத்தார். கதவுகளின் அடிப்பக்கம், டயரின் பூ, முன் கண்ணாடி, பின் இருக்கைகளைக் கழற்றிய இடம் எல்லாவற்றையும் எடுத்தார். இருக்கை ஏன் இல்லை என்று கேட்டார். சாமான் வைக்க என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். இப்படிப் பார்த்து முடிவெடுப்பதுதான் நியாயம். வயதை மட்டும் கேட்டுக் கதவடைப்பது நியாயமல்ல.

வண்டியின் பெறுமதியை எவ்வளவு என்று எழுதுவது என்பதிலும் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களின் விலை எங்கோ போய்விட்டது. நின்ற வண்டியை மீண்டும் எடுப்பவர்கள் பழைய பத்திரத்தில் இருந்த தொகையையே எழுதிவிடுகிறார்கள், கட்டுப்பணமும் குறையும் என்று. ஆனால் சந்தையில் முப்பது இலட்சம் பெறும் வண்டியைப் பதினைந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், அந்த விகிதத்திலேயே இழப்பீட்டையும் குறைக்கும் ஏற்பாடு பத்திரங்களில் இருக்கலாம். அப்படியானால் இரண்டு இலட்சம் ரூபாய்த் திருத்த வேலைக்கு ஓர் இலட்சம்தான் கைக்கு வரும். போதாததற்கு, பழைய வண்டிக்குப் புதிய உதிரிப்பாகம் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோரிக்கை எதுவும் வைக்காத ஆண்டுகளுக்கு என் கணவருக்குக் கிடைத்து வந்த கழிவு, இடைவெளி விழுந்ததால் போய்விட்டது என்றுதான் எல்லா இடத்திலும் முதலில் சொன்னார்கள். பழைய புதுப்பித்தல் அறிவித்தல் கடிதத்தை அவர் கோவையில் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகு இந்த நிறுவனம் ஒரு பகுதியைத் தந்தது. வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விடயங்களை யாரும் தாமாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாகனக் காப்புறுதி வாகனத்துக்குத்தான். உள்ளே இருக்கும் மணவறைக்கு அல்ல. றெஜிபோம் தூண்களை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். செதுக்கிய மரத்தூண்களுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் கொண்டு செல்லும் பொருட்களுக்கான காப்புறுதி தனியாக வேண்டும். என்னோடு வரும் பிள்ளைகள் வேலைக்கு வருகிறவர்கள், பயணிகள் அல்ல. அவர்களுக்கு ஓட்டுநர், உதவியாளருக்கான தொழிலாளர் நட்டஈட்டுச் சேர்க்கை வேண்டும். நான் அதைச் சேர்த்தேன். பிறர் வீட்டுப் பிள்ளைகளை நள்ளிரவில் மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டிக் கூட்டி வருகிறேன், சேர்க்காமல் எப்படி இருப்பது?

சித்திரை பிறந்தால் நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சொந்தப் பாவனைப் பத்திரத்தோடு வீட்டு வான்களில் காசுக்கு ஆள் ஏற்றுகிறவர்களை அந்த நாட்களில் பார்க்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாலு காசு பார்க்கிற காலம் அது. ஆனால் ஒரு விபத்தில் ஒருவருக்குக் கால் போனால், காப்புறுதி இருக்கிறது என்று நம்பிய இரண்டு குடும்பங்கள் தெருவில் நிற்கும். அவர்களுக்கும் ஒரு நேர்வழி தேவை. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் காப்புறுதி கேட்டால், குறுகிய காலக் கட்டணம் மாதக் கணக்குக்கு ஏற்றபடி இருப்பதில்லை, அதைவிடக் கூடவே கேட்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் வண்டியைப் போல, எப்போதாவது ஓடும் வண்டியும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பிறகு எப்படி உண்மையை எழுதத் துணிவார்கள்?

எனக்குக் காப்புறுதி தந்த நிறுவனம், "உரிமையாளரின் மனைவி நடத்தும் தொழிலுக்கான சொந்தப் பொருட்களை ஏற்றுவதற்கும், வாடகைக்கு அல்ல" என்று பொருள்படும் ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துத் தந்தது. கட்டுப்பணம் சொந்தப் பாவனையைவிடக் கொஞ்சம் கூட, வாடகையைவிட நன்றாகக் குறைவு. பிரதேச செயலகத்தில் பெற்ற என் வணிகப் பெயர்ப் பதிவின் பிரதியையும், வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று கணவர் எழுதி அனுப்பிய கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். முகாமையாளர் மனம் வைத்ததால் நடந்தது இது. இன்னொரு கிளையில் இன்னொரு முகாமையாளர் மறுக்கலாம்.

ஆகவே காப்புறுதி நிறுவனங்களிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் நான் கேட்பது இதுதான். விண்ணப்பப் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்றை அச்சிடுங்கள்: இடைக்கிடை, தன் தொழிலுக்கு, தன் பொருட்களை மட்டும். அதற்குரிய கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பழைய வண்டியைப் பரிசோதித்துவிட்டு மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். படிவமும் பத்திரமும் நாங்கள் வாசித்து விளங்கிக் கையெழுத்திடும்படி தமிழில் கிடைக்கட்டும். அடுத்த தை முகூர்த்தங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் செய்ய முடியாத வேலை அல்ல.

இப்படிக்கு,
மணவறை அலங்காரத் தொழில் செய்யும் வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.