மாடக்குளக்கீழ் மதுரைக்காக ஒரு மடல்: கண்மாய் வேலையை மறுகாலில் தொடங்குங்கள்

மதுரை மாநகராட்சி மேயர், ஆணையர், நீர்வளத் துறைப் பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாண்டியர் காலக் கல்வெட்டுகள் நம் ஊரை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. மாடக்குளம் கண்மாயின் கீழுள்ள மதுரை என்று பொருள். ஊருக்கு விலாசம் தந்ததே ஒரு கண்மாய்தான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு ஊர் வெளிவீதிகளைத் தாண்டியது. ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்த பிறகு வைகையின் வடகரையிலும் வேகமாகப் பரவியது. பரவிய நிலமெல்லாம் கண்மாயும் அதன் ஆயக்கட்டும், அதாவது அது பாசனம் தந்த வயல்களும். தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம் என்று பேருந்துப் பலகையில் படிக்கும் பெயர்களே சாட்சி.

வயல் போய்விட்டது, தண்ணீரின் வழி போகவில்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கிச் செல்லூர்ப் பக்கத் தெருக்களில் புகுந்தது. கண்மாய்களைச் சீரமைக்கப் பணம் ஒதுக்கப்படுவதை மனமார வரவேற்கிறோம். எங்கள் கவலை வேலையின் வரிசையைப் பற்றியது. பெரும்பாலும் நடைபாதையும் விளக்கும் முதலில் வருகின்றன, அடுத்து தூர்வாருதல். நிறைந்த கண்மாயின் உபரி நீரை வெளியேற்றும் மறுகால் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

முதல் வேலை மறுகால் வாய்க்கால். அது வைகையில் சேரும் இடத்திலோ அடுத்த கண்மாயில் விழும் இடத்திலோ தொடங்கி, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வர வேண்டும். மறுகால் அடைந்து கிடக்கும்போது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை மட்டும் சுத்தம் செய்தால், முன்பு வழியில் தேங்கி மெதுவாக வந்த தண்ணீர் ஒரே மூச்சில் கண்மாய்க்குள் இறங்கும். வெளியேற வழியில்லாமல், உபரி நீர் வழியும் கலுங்கை ஒட்டிய வீடுகளுக்குள் போகும். நல்லது நினைத்துச் செய்த வேலையே வெள்ளத்தைக் கொண்டுவந்து விடும்.

வாய்க்கால் அடைவது பெரும்பாலும் பாலங்களுக்கு அடியில்தான். 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறுபாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போக 3 சதுர மீட்டர் வாய் இருக்கிறது. அடியில் 30 செ.மீ. மண் படிந்து, நடுவில் 30 செ.மீ. குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போனால் 1.2 சதுர மீட்டர் போய்விடும், ஐந்தில் இரண்டு பங்கு. மிச்சத்தை முதல் மழை அடைக்கும்: குழாயில் ஒரு கிழிந்த மெத்தை மாட்டும், அதில் வாழைமட்டை சிக்கும், அதன்மேல் பாலித்தீன் பைகள் ஒட்டும். அரை மணி நேரத்தில் அது பாலமாக இருக்காது, தடுப்பணையாகிவிடும். குறுக்கே போகும் குழாய்களையும் கேபிள்களையும் பாலத்துக்கு மேலேயோ தரைக்கு அடியிலேயோ மாற்றாமல் எத்தனை முறை தூர்வாரினாலும் பயனில்லை. குப்பை தடுக்கும் கம்பி வலையும் அப்படியே. மழை நாட்களில் தினமும் வாரி எடுக்க ஆளும், குப்பை வண்டி வந்து நிற்க இடமும் இல்லாத இடத்தில் அதைப் போடவே வேண்டாம்.

அடுத்தது கழிவுநீர். சித்திரையில், மழை பெய்து பத்து நாளாவது ஆன பிறகு, காலை ஏழு மணிக்கு வரத்துக்கால்வாய் நெடுக நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஈரமாக இருக்கும் குழாய் வாய் எதுவும் மழைநீர்க் குழாய் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பெயிண்டில் எண் போட்டு, பாதாளச் சாக்கடையில் இணைத்த பிறகு எண்ணை அழித்துவிட வேண்டும். இதை முடிக்காமல் தூர்வாரினால் ஆகாயத்தாமரை மறுபடி மூடும். கழிவு கலந்த வண்டலைச் சோதிக்காமல் வயலுக்குக் கொடுப்பதும் தவறு.

மட்டம் பார்க்காமல் எதையும் கட்டாதீர்கள். கலுங்கின் உச்சி, கரைக்கு அடியில் நீரைத் திறந்துவிடும் மடையின் அடி, கண்மாயில் விழும் ஒவ்வொரு மழைநீர் வடிகாலின் அடி, மூன்றின் உயரத்தையும் ஒரே மட்டக் குறியிலிருந்து அளந்து எழுத வேண்டும். வடிகாலின் அடி கலுங்கைவிடத் தாழ்ந்திருந்தால், கண்மாய் நிறையும்போது தண்ணீர் அதே வடிகால் வழியாகத் தெருவுக்குத் திரும்பும். கூடுதல் நீர் நிற்கட்டும் என்று கலுங்கின்மேல் ஓரடி கான்கிரீட் ஏற்றுவதும் ஆபத்துதான். உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்புறம் நீர் வந்து சேரும் தாழ்வான நிலத்தில், நீர் பரவும், கரையின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விட்டிருக்கும் பாதுகாப்பு இடைவெளியும் குறையும். கரையைப் பலப்படுத்த மண் போடுவதானால் 20 முதல் 25 செ.மீ. அடுக்காகப் போட்டு, நனைத்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். தோண்டிய வண்டலை அப்படியே கரைமேல் கொட்டினால் அடுத்த மழையில் வழிந்து உள்ளேயே போகும்.

மடையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாசனம் இல்லையே, மடை எதற்கு என்று பல இடங்களில் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆனால் கலுங்கு, நிறைந்த பிறகு வழிவதற்கு மட்டுமே. மழைக்கு முன்பே தண்ணீரைக் குறைக்க மடை ஒன்றுதான் வழி. 100 ஏக்கர் கண்மாயில் ஓரடி நீரை இறக்கினால் ஏறக்குறைய 12 கோடி லிட்டருக்கு இடம் கிடைக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்து ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்காமல் ஓடி வந்தாலும் 10 கோடி லிட்டர்தான். அந்த மழை முழுவதையும் ஓரடி இறக்கிய கண்மாய் தாங்கிவிடும். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மடையைத் திறப்பதற்கு, மடைக் கதவைத் தூக்கும் திருகாணிக் கம்பிக்குக் கிரீஸ் போட்டு, ஆடியில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

முன்பு இதற்கு மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்று ஊரே ஆள் வைத்திருந்தது. அவருக்கு உரிய நெல்லை ஆயக்கட்டு கொடுத்தது. ஆயக்கட்டு போனதோடு அந்த வேலையும் போனது. அதன் இடத்தில் மாநகராட்சி ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பணியாளரை நியமிக்க வேண்டும். மடைச் சாவியும் நீர்மட்டக் குறிப்பேடும் அவரிடம் இருக்கட்டும்.

வழியைத் திறந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத் திருவிழாவுக்காகப் பல ஆண்டுகள் பம்பு வைத்து நீர் நிரப்பினோம். பனையூர்க் கால்வாய் வழி சீரான பிறகு வைகை நீரே வந்து சேர்கிறது.

இந்த ஆண்டுக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். குழாய்க் கணக்கெடுப்பு சித்திரையில். மறுகாலும் பாலங்களும் ஆனிக்குள். மடைச் சோதனை ஆடியில். புரட்டாசி பிறக்கும் முன் இன்னொரு முறை குப்பை அகற்றம். ஒவ்வொரு கலுங்கிலும் ஓர் அளவுகோல் நட்டு, அதன் பக்கத்தில் மடைப் பொறுப்பாளரின் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரைக் குடியிருப்போர், மதுரை