இருவாச்சிக் கூட்டு மரத்தடியில் நிற்காதீர்கள்

வால்பாறை மலைச்சாலைக்கு வரும் பறவை ஆர்வலர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் இந்தச் சாலையில், உங்களைப் போலவே தொலைநோக்கியும் கையுமாகப் பல ஆண்டுகளாக நடந்துவருபவன் நான்.

சென்ற மார்ச் மாதம் ஒரு காலை, பேரலகுப் பறவையான இருவாச்சி பொந்தில் கூடு வைத்திருந்த சாலையோர மரம் ஒன்றின் கீழ் என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் கேமராக்களோடு கூடியிருந்தோம். நீராவி எஞ்சின் இரைவது போன்ற சிறகொலியோடு ஆண் இருவாச்சி வந்தது. ஆனால் கூட்டை நெருங்கவில்லை. எதிர்ச்சரிவு மரத்தில் அமர்ந்து, தொண்டை புடைத்திருக்க, அத்திப்பழம் ஒன்றை அலகு நுனிக்குக் கொண்டுவருவதும் மீண்டும் விழுங்குவதுமாக முக்கால் மணி நேரம் காத்திருந்தது. பொந்தின் பிளவில் பெட்டையின் அலகு நுனி இருமுறை தெரிந்து மறைந்தது. கடைசியில் ஆண் பறவை ஊட்டாமலேயே பறந்துவிட்டது. அங்கே நின்றவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விட்டுவைக்கிறது என்பதும், உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடுவதால் பறந்து வெளியேற வழியில்லை என்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. அடைகாக்கும் காலம் மட்டுமே ஐந்து வாரங்களுக்கு மேல். அத்தனை நாளும் பெட்டைக்கும், பின்னர் குஞ்சுக்கும், ஆண் கொண்டுவரும் இரையே உயிர். அது வர அஞ்சினால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பறவைக் கூட்டுக்கு இடையூறு செய்வதையும் ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமே வேட்டைக்காரர் அல்லர்.

ஆகவே, ஜனவரி முதல் மே வரை, கூட்டு மரம் என்று தெரிந்த எதன் அடியிலும் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டின் படத்தையோ இடத்தையோ சமூக ஊடகங்களில் பகிர வேண்டாம். ஒருவர் பகிர்ந்தால் அடுத்த ஞாயிறன்று பத்து வண்டிகள் வந்து நிற்கின்றன. கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுச் சிறு பறவைகளை வெளியே வரவழைப்பதும் இதே வகைக் கேடுதான்: தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நம்பும் பறவை, இரை தேடும் நேரத்தை அந்தப் பொய்க்குரலுக்குப் பதில் சொல்வதில் இழக்கிறது. மலைக்கு அந்தப்புறம், கேரளத்து வாழச்சால் காட்டில், காடர் பழங்குடியினரே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காத்துவருகிறார்கள். அவர்கள் காட்டும் பொறுமையில் ஒரு பங்காவது நம்மிடம் வேண்டும்.

இருவாச்சியைக் காண வேறு வழி இருக்கிறது. காட்டத்தி பழுத்திருக்கும் மரத்தைத் தேடி, அதற்கு எதிரே தள்ளி அமர்ந்திருங்கள். இருவாச்சிகள் தாமாகவே வரும். அங்கே உங்களோடு அமர நானும் வருகிறேன். சென்ற மார்ச்சில் நாங்கள் நின்ற மரம் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்