கொண்டென்சர் இரைச்சல்

அல்சூர், பெங்களூர்
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல்.

போனில் கதைத்தால் நீங்கள் "ஓம், ஓம்" என்றுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காது மெஷின் லாச்சிக்குள்தான் கிடக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். "பகலில் கடையில் நிற்கிறான், சரி. இரவில் எங்கே போகிறான்?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அதற்கு விவரமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் பகல். எஸ்.பி. ரோட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில், அம்பிளிபயர் திருத்துகிற ஒரு சின்னக் கடையில் வேலை. சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப்பெயரைச் சொன்னால் ஓட்டோக்காரருக்கே விளங்காது, எஸ்.பி. ரோடு என்றால்தான் தெரியும். ஊரில் எங்கள் கடைக்கு ஒரு ஐ.சி. வேணுமென்றால் கொழும்புக்குச் சொல்லிவிட்டு இரண்டு கிழமை பார்த்துக்கொண்டு இருப்போமே, இங்கே தெரு முழுக்க அதுதான் வியாபாரம். றான்சிஸ்ரரும் ரிலேயும் கடலைக்கொட்டை மாதிரி டப்பா டப்பாவாக இருக்கும். முதல் நாள் பார்த்தபோது நீங்கள் இதற்குள் வந்தால் வீடு திரும்ப மாட்டீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மருமகளின் பக்கத்தால் கிடைத்த ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) இருப்பதால் வேலை செய்வதில் சிக்கல் இல்லை. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

பாஷைதான் வேடிக்கை. நான் தமிழில் கதைக்க, கடைக்கு வருகிற தமிழ் ஆட்களே "நீங்க மலையாளமா சார்?" என்று கேட்பார்கள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற உறுப்பு, பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தது உங்கள் மேசைக்கு வந்ததும் கொண்டென்சர் ஆனது. அதையே இங்கே கண்டென்சர் என்று சொல்லாவிட்டால் ஒருத்தரும் எடுத்துத் தரமாட்டார்கள். சாம்பாருக்குள் வெல்லம் போடுகிறார்கள். அதைப் பற்றி வேறொன்றும் எழுத விருப்பமில்லை.

இனி இரவு. நான் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். மர்பி டவுனில் ஒரு வீட்டு மாடியில் பயிற்சி. ஆறு பேர், எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆட்கள். ஒருவர் மின்வாரிய வேலை, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ட்றம்ஸ் வாசிக்கிற பொடியன் இன்னும் கல்லூரியில் படிக்கிறான்.

அவர்களோடு சேர்ந்த கதையை நீங்கள்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் அது உங்களால் வந்தது.

போன வருசம் மருமகளின் அண்ணன் என்னைப் பயிற்சி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். போனால், வாசிப்பைவிட இரைச்சல் பெரிதாக இருக்கிறது. பேஸ் அம்பிளிபயரிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரே உறுமல். கேபிளை மாற்றுகிறார்கள், பிளக்கை மாற்றுகிறார்கள், கிற்றாரையே கழற்றிவிடுகிறார்கள். உறுமல் அசையவில்லை. கடைசியில், "கரண்டுல எர்த் சரியில்லை, விடு" என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அப்போது பேஸ் வாசிக்கிறவரிடம், "அண்ணை, மெல்லிய தந்தியை ஒருக்கால் தட்டிவிட்டுச் சும்மா விடுங்கோ" என்றேன். ஜி தந்தி. சுருதி சரியாக இருந்தால் அது 98 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 98 அதிர்வு. தந்தியும் உறுமலும் சேர்ந்ததும் சத்தம் ஊஞ்சல் ஆடியது: ஊம்... ஊம்... ஊம்... கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு செக்கனுக்கு இரண்டு ஆட்டம். இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆட்டம். அப்படியென்றால் உறுமல் 100. தடித்த தந்தியின் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் 49 வரும். உறுமல் 50 ஆக இருந்திருந்தால் அதோடுதான் செக்கனுக்கு ஒரு தரம் ஆடியிருக்கும். மின்சாரம் வெளியிலிருந்து புகுந்தால் பெரும்பாலும் 50. நாலு டையோட்டால் ஒரே திசைக்குத் திருப்பிவிட்ட மின்சாரம் வடிகட்டப்படாமல் உள்ளேயே கசிந்தால் 100. "ஏர்த் பிழை இல்லை, வடிகட்டுற கொண்டென்சர் காய்ந்துபோச்சு" என்று சொன்னேன். எல்லாரும் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

திறந்தால், 4700 மைக்ரோபராட், 63 வோல்ற் கொண்டென்சர் இரண்டு. இரண்டுக்கும் தலை உப்பிக் கிடந்தது. பல்பைத் தொடுத்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஒரு கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் தொட்டேன், நீங்கள் அடித்துப் பழக்கியபடி. அடுத்த நாள் 105 டிகிரி சூடு தாங்கும் என்று போட்டிருந்ததாகத் தேடி வாங்கி ஈயம் ஒட்டினேன். சுவிற்சைப் போட்டதும் அறை அமைதியாகிவிட்டது. அம்பிளிபயர் ஓடுகிறதா இல்லையா என்று பொடியன் விளக்கைக் குனிந்து பார்த்தான்.

இதை எங்கே படித்தேன் என்று அவர்கள் கேட்டார்கள். சைக்கிளில் படித்தேன் என்றேன். விளங்கவில்லை. 90இல் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்ற பிறகு பற்றரியும் உள்ளே வராத காலத்தை எடுத்துச் சொன்னேன். சைக்கிளை நிறுத்தி வைத்து நான் மிதிக்க, டைனமோவிலிருந்து நாலு டையோட் வழியாக உங்கள் றேடியோவுக்கு மின்சாரம் போகும். நான் வேகமாக மிதித்தால் செய்திக்குப் பின்னால் இரைச்சலின் சுருதி ஏறும், களைத்தால் இறங்கும். "ஏறுது, மெதுவாய் மிதி. இறங்குது, கெதியாய் மிதி" என்று நீங்கள் காதை றேடியோவில் வைத்தபடியே சொல்வீர்கள். எனக்குச் செய்தி ஒன்றும் ஞாபகமில்லை. இரைச்சல் ஏறி இறங்கினதுதான் ஞாபகம். பிறகு ஒரு பெரிய கொண்டென்சரை எங்கேயோ தேடிப்பிடித்துப் போட்டீர்கள். இரைச்சல் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை, மிதிக்கிற வேலைக்கு ஒரு பாட்டு இல்லாமல் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த பேஸ் அண்ணை துபாய்க்கு வேலைக்குப் போனார். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்த பழக்கம் எனக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அவருடைய இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாசிப்புக்காகவா, ஈயக்கோலுக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இங்கே விடிய விடிய என்ற பேச்சே இல்லை. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், அது சட்டம். கல்யாண வரவேற்பு 7 மணிக்கு என்று போட்டிருப்பார்கள், மாப்பிள்ளை மேடையேற எட்டரை. அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரத்தில் தமிழ், கன்னடம், ஹிந்தி, மாமனார் கேட்கிற பழைய இங்கிலீஷ் பாட்டு ஒன்று, எல்லாம் வாசித்து முடிக்க வேண்டும். நவம்பர் மாதம் எங்களுக்கு அறுவடை. 1ஆம் தேதி கன்னட ராஜ்யோத்சவம். ஆனால் மாதம் முழுக்க ஒவ்வொரு தெருமுனையிலும் கொடி கட்டி மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா வைப்பார்கள். ராஜ்குமார் பாடின பாட்டுகளை எடுத்தால் முன்வரிசைக் கிழவர்கள் எழும்பிவிடுவார்கள். சொல் ஒன்றும் முழுசாய் விளங்காமலே எனக்கு இப்போது இருபது கன்னடப் பாட்டின் அடித்தொனி கைக்குள் இருக்கிறது.

இளையராஜா பாட்டுக்கு மட்டும் இங்கேயும் அங்கேயும் வித்தியாசம் இல்லை. நீங்கள் திருத்தின ஸ்பீக்கரை எப்போதும் அவருடைய பாட்டைப் போட்டுத்தான் சோதிப்பீர்கள். ஆனால் ஒன்று, அப்பா. எங்கள் மூன்று அங்குல ஸ்பீக்கரில் பேஸ் வரவேயில்லை. தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸ், அந்தச் சின்னக் கடதாசிக் கூம்பு அதை எப்படித் தள்ளும்? மேலே வருகிற சுரங்களை வைத்துக் காதுதான் இல்லாததை நிரப்பிக்கொண்டது. பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று அதே பாட்டை வாசித்தபோதுதான் காற்சட்டை துடிக்கிறதைக் கண்டேன். அந்தப் பெட்டியைக் கல்யாண மண்டப மாடிப்படியில் ஏற்றுகிறபோது பாட்டின் இனிமை கொஞ்சம் குறையும், அது வேறு.

என்னுடைய கிற்றாரைப் பற்றி. பெண்டர் கம்பனி 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் நகல், பழையது வாங்கினேன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் அதற்கு இரண்டு. அசலில் ஒன்றின் சுருளும் காந்தமும் மற்றதற்கு எதிர்த்திசை. இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப் போகும், தந்தியின் சத்தம் மட்டும் சேரும். என்னுடைய நகலில் இரண்டும் ஒரே திசை, அதனால் மேடை விளக்கின் டிம்மரைத் திருகினாலே தேனீக்கூடு மாதிரிச் சத்தம். கெட்டிக்காரத்தனமாக ஒரு பிக்கப்பின் வயரை மட்டும் மாற்றி ஒட்டினேன். இரைச்சல் போனது, கூடவே அடித்தொனியும் போய்விட்டது! பேஸ் கிற்றார் தகர டப்பா மாதிரிக் கேட்டது. ஒரு இரவு யோசித்த பிறகுதான் விளங்கியது, காந்தத்தையும் திருப்ப வேண்டும். மலிவு பிக்கப் என்றபடியால் அடியில் ஒற்றைக் காந்தக் கட்டைதான் ஒட்டியிருந்தது. சவரப் பிளேட்டால் மெதுவாகக் கிளப்பித் தலைகீழாக ஒட்டினேன். தலைமயிரை விட மெல்லிய வயர் சுற்றியது, மூச்சுவிடப் பயம். சின்னவள் பக்கத்தில் நின்று தும்மப் பார்த்தாள், மூக்கைப் பிடித்துவிட்டேன்.

இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன், ஆனால் மருமகள் எப்படியும் தங்கச்சிக்குச் சொல்லிவிடுவாள். ஒரு மண்டபத்தில் எனக்குக் கரண்ட் அடித்தது. பெரிதாக இல்லை. கையில் தந்தி, பின்னணி பாட மைக்கில் வாய் வைத்தேன், உதட்டில் ஊசி குத்தின மாதிரி. கரண்ட் பார்க்கிற ரெஸ்ரரைத் தந்தியில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. என் அம்பிளிபயர் செருகியிருந்த இடத்தில் மூன்று ஓட்டை இருந்தது, மூன்றாவதற்குப் பின்னால் வயரே இல்லை. மைக்கின் மிக்சருக்கு வேறு சுவரிலிருந்து நல்ல ஏர்த். இரண்டுக்கும் நடுவில் நான்தான் வயர். மண்டபத்துக்காரர் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார், கொஞ்சம் சமாளியுங்கோ என்று அர்த்தம். இந்த ஊரின் தேசிய கீதம் அது. கரண்டோடு என்ன அட்ஜஸ்ட்? எல்லாவற்றையும் கழற்றி, ஏர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து இழுத்த பிறகுதான் வாசித்தோம். இருபது நிமிடம் பிந்தியது, பெண் வீட்டார் முகம் கோணினார்கள். இரைச்சல் போக வேண்டுமென்று ஏர்த் வயரை வெட்டிவிடுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. எங்கள் குழுவில் இனி ஒருத்தனும் வெட்டமாட்டான். இப்போது எந்த மேடையிலும் முதலில் ரெஸ்ரர்தான் ஏறும், பிறகுதான் கிற்றார். அதனால் பயப்படாதீர்கள்.

காது மெஷினைப் பற்றி. சட்டை உரசுகிறதும் பாத்திரம் கழுவுகிறதும் பெரிதாகக் கேட்டால் மெஷின் உங்கள் காதுக்கு ஏற்றபடி இன்னும் சரிசெய்யப்படாமல் இருக்கலாம். தங்கச்சியோடு போய்த் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஒரு தரத்தில் சரிவராது. வயது போகப் போக முதலில் போவது கீச்சுச் சத்தம். அடித்தொனிகள் அவ்வளவு கெதியாகப் போகாது. போன கிழமை வாசித்ததைத் தங்கச்சியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். போனின் ஸ்பீக்கரில் கேட்காமல் உங்கள் பழைய பெட்டி ஸ்பீக்கரில் மாட்டிக் கேளுங்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு இடம் பிழைத்தது. நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி. கீபோர்ட் அண்ணனிடம் ஒரு பழைய அம்பிளிபயர் இருக்கிறது, அதற்கு 2என்3055 என்கிற பவர் றான்சிஸ்ரர் இரண்டு வேண்டும். இங்கே அந்தப் பெயர் அச்சடித்த இரும்புத் தொப்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே கடுகளவு சிலிக்கன். 115 வாட் தாங்க வேண்டியது பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் அலுமாரியில், கீழ்த்தட்டில், மலிபன் பிஸ்கற் ரின்னுக்குள் ஆறோ ஏழோ அசல் இருந்தன. 95இல் வீட்டை விட்டு ஓடும்போது அம்மா அரிசியைக் கட்ட, நீங்கள் அந்த ரின்னைத்தான் சைக்கிள் கரியரில் கட்டினீர்கள். மருமகளின் சிநேகிதி தை மாதம் பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேனில் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுங்கள். மீற்றரில் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே கெயின் (பெருக்கும் அளவு) உள்ள சோடியாகத் தெரிவுசெய்து அனுப்புங்கள். நான் தெரிவுசெய்தால் சரிவராது என்று எப்படியும் சொல்வீர்கள்.

றான்சிஸ்ரருக்கு அடியில் வைக்கிற மைக்கா வாஷரையும் மறக்காமல் வையுங்கள். இங்கே கிடைப்பது தடிப்பு.

அன்பு மகன்