இல்லாத பெண்ணைச் சாட்சிக்கு அழைக்கும் விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிச் சின்னக் கடைக்காரரும் தன் விளம்பர வீடியோவைத் தானே செய்துகொள்ளலாம் என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு, வன்னி வியாபாரங்களுக்கு அனிமேசன் வீடியோ செய்து பிழைக்கிறவள் நான். அரிசி ஆலை, பால் சேகரிக்கும் கூட்டுறவுச் சங்கம், நல்லெண்ணெய் விற்கும் குடும்பம், தனியார் கல்வி நிலையம் என்று எனக்கு வேலை தருகிறவர்கள் எல்லாம் ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் உள்ளவர்கள்தான். கட்டுரையில் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அதில் வராத ஒரு விடயம் எங்கள் மாவட்டத்துப் பெண்களைத் தொடுகிறது: இல்லாத ஒரு பெண்ணைக் கணினியில் உருவாக்கி, தன் அனுபவத்தைச் சொல்வதுபோல் பேசவைத்துக் கடன் விற்கும் விளம்பரம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். செக்கனுக்கு 25 என்ற கணக்கில் ஒரு நிமிட வீடியோவில் 1,500 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் கையால் கீறி மாளாது. அதனால் ஓர் ஆளைத் தலை, மேற்கை, முழங்கை, கால் என்று தனித்தனியாகக் கீறி, மூட்டு மூட்டாகப் பொருத்தி, முக்கியமான நிலைகளை மட்டும் நாங்கள் வைப்போம். இடைப்பட்ட அசைவை மென்பொருள் நிரப்பும். அப்படியிருந்தும் கதை எழுதி, காட்சிகளைப் பிரித்து, குரல் பதிந்து, வாயசைவைக் குரலோடு சேர்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கூலியைக் கொழும்பில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் தாங்கும். விசுவமடுவில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கும் அக்காவால் தாங்க முடியாது.

2024 பெப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சோரா என்ற கருவியைக் காட்டியபோது, எழுதிக்கொடுத்த சில வரிகளில் இருந்து ஒரு நிமிடம் வரை நீளும் வீடியோ வந்தது. 2025 மே மாதம் கூகுள் வெளியிட்ட வியோ 3, படத்தோடு பேச்சையும் சத்தத்தையும் சேர்த்தே தந்தது. இப்போது அந்த அக்கா கொடுக்கக்கூடிய காசுக்கு அவருக்கு ஒரு நல்ல வீடியோ செய்ய முடிகிறது. நானும் இப்படிப்பட்ட கருவிகளைத்தான் பயன்படுத்துகிறேன். என் தொழில் போய்விட்டது என்று முறையிட இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் தானே செய்துகொள்ளலாம் என்பது அவ்வளவு இலகுவான பேச்சு இல்லை. வியோ 3 ஒரு தடவைக்கு 8 செக்கன்தான் தரும். ஒரு நிமிடத்துக்கு எட்டுத் துண்டுகளை ஒட்ட வேண்டும். முதல் துண்டில் மூக்குத்தியோடு வந்த பெண் மூன்றாம் துண்டில் மூக்குத்தி இல்லாமல் வருவாள். தமிழ்க் கமக்காரர் ஒருவரைக் கேட்டால், தலைப்பாகை கட்டி, வேட்டி உடுத்து, மரக்கலப்பையும் சோடி மாடுமாக ஒருவரைத் தரும். முரசுமோட்டை வயலில் சாரமும் பழைய ரீசேட்டும் தொப்பியுமாக உழவு இயந்திரத்தில் இருக்கும் மனிதரை அதற்குத் தெரியாது. பனை கேட்டால் தென்னை வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல்வெளியைக் கேட்டால் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயலைக் கொண்டுவந்து வைக்கும். கடைப் பலகையில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து கிடக்கும். இதையெல்லாம் திருத்தலாம். ஆளையும் இடத்தையும் நாங்களே கீறி மாதிரியாகக் கொடுக்கிறோம், எல்லாம் முடிந்த பிறகு எழுத்தை நாங்களே பதிகிறோம். ஆனால் பிழை எது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் திருத்தலாம்.

குரலும் அப்படித்தான். கருவிகள் தரும் தமிழ்க் குரல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு உச்சரிப்பில் வருகின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பரந்தன் ஆலை முதலாளி அப்படிக் கதைக்க மாட்டார். காத்தவராயன் கூத்து ஆடிய ஒரு பெரியவர் எங்களுக்குக் குரல் கொடுக்கிறார். ஓரிரு நிமிட ஒலிப்பதிவு இருந்தாலே ஒருவருடைய குரலை நகலெடுக்கும் வசதி இப்போது உண்டு. எனக்கு வேலை தந்த ஒருவர், அவரை ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக் காசு கொடுக்காமல் குரலை எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "என்னைக் கூப்பிடாமல் என்ரை குரலை மட்டும் கூப்பிடுவியளோ, பிள்ளை?" என்று கேட்டார். அந்த வேலையை நான் எடுக்கவில்லை.

இனி நான் எழுத வந்த விடயம். சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கடன் நிறுவனத்தின் வீடியோ சுற்றியது. பாதி கட்டிய வீட்டு விறாந்தையில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் இருக்கிறார். தான் புதுக்குடியிருப்பு என்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் மூன்று, இந்த நிறுவனம் தந்த கடனில் தையல் இயந்திரம் வாங்கினேன், இன்றைக்கு என்னிடம் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்கிறார். சொல்லும்போது கண் கலங்குகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தையல் வேலை செய்கிறவர். அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டி, "இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் எண்டு விசாரிச்சுச் சொல்லு தங்கச்சி, நேரே போய்க் கதைச்சுப்போட்டு நானும் எடுப்பம்" என்றார். கடன் நிறுவனத்தின் இலக்கத்தை அதற்குள் போனில் பதிந்தும் வைத்திருந்தார்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தையல் இயந்திரத்தின் ஊசி துணியில் படவே இல்லை. ஒரு காட்சியில் இருந்த தோடு அடுத்த காட்சியில் வேறாக இருந்தது. பின்னால் இருந்த நாட்காட்டியில் எந்த மொழி எழுத்தும் இல்லை. அப்படி ஒரு பெண் புதுக்குடியிருப்பில் இல்லை, எங்கேயும் இல்லை. அக்காவுக்கு அதை விளங்கப்படுத்தவே எனக்கு நேரம் பிடித்தது. இல்லாத ஒருத்தி எப்படி அழுவாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நுண்கடன் என்று சொல்லும் சின்னத் தொகைக் கடன் வன்னியில் என்ன செய்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் அரசாங்கமே முன்வந்து, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இப்போது ஒரு காரியம் செய்கிறார்கள். புதிய கடன் எடுப்பதற்கு முன், எடுத்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்கிறார்கள். பட்டு அறிந்துகொண்ட பாதுகாப்பு அது. அந்த வீடியோ அதைத்தான் உடைக்கிறது. கேட்பதற்கு ஆள் இருப்பதுபோல் காட்டுகிறது.

விளம்பரத்தில் நடிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்தானே என்று சிலர் சொல்வார்கள். நடிகை ஓர் ஆள். இந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்று அவரால் மறுக்க முடியும். அவர் நடிகை என்பதைப் பார்ப்பவரும் அறிவார். ஊர்ப்பெயரும் இழப்பும் பிள்ளைகளும் கொடுத்து ஒருத்தியை உருவாக்கி, என் அனுபவம் இது என்று சொல்லவைப்பது வேறு. அதுவும் கணவரைப் போரில் பறிகொடுத்து, காணாமல் போனவரைத் தேடி, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இத்தனை பேர் உண்மையாகவே வாழும் மண்ணில், அவர்களைப் போலவே ஒரு முகம் செய்து கடன் விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் செய்யும் அனிமேசனில் ஒரு நேர்மை இருந்தது. பெரிய கண்ணும் உருண்டை முகமுமாகக் கீறிய ஓர் ஆள் பேசினால், அது கீறிய ஆள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் அவரைத் தேடிப் போக மாட்டார்கள். கீறிய ஆள் யார், உண்மையான ஆள் யார் என்று பிரித்துக்காட்டிய அந்த எல்லைக்கோட்டைப் புதிய கருவிகள் அழித்துவிட்டன. யூரியூப் 2024 மார்ச்சில் கொண்டுவந்த விதியும் இந்த எல்லைக்கோட்டைத்தான் பார்க்கிறது. உண்மைபோல் தோன்றும் செயற்கைக் காட்சி என்றால் பதிவேற்றுகிறவர் அதை அறிவிக்க வேண்டும், பார்த்தவுடன் அனிமேசன் என்று தெரிவதற்கு அது தேவையில்லை. கூகுள் தன் கருவியில் வரும் வீடியோக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தையும் வைக்கிறது. நல்லது. ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு குழுவில் இருந்து மறு குழுவுக்குப் போகும் வீடியோவைப் பார்க்கும் எங்கள் அக்காவுக்கு அந்த அடையாளத்தால் என்ன பயன்?

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம்.

நல்ல வழியும் இருக்கிறது. பால் சங்கம் ஒன்றுக்காக வட்டக்கச்சிப் பக்கத்து அம்மா ஒருவரின் அனுபவத்தைப் பதிந்தோம். மாடு வாங்கியது, கன்று செத்தது, பிறகு நிமிர்ந்தது எல்லாம் சொன்னார். முகம் காட்ட மட்டும் விருப்பமில்லை என்றார். அவருடைய குரலை அப்படியே வைத்து, உருவத்தை மட்டும் நாங்கள் கீறினோம். அசைவு முழுவதும் செயற்கை நுண்ணறிவு செய்தது. குரல் உண்மை, உருவம் கீறியது என்று கீழே எழுதினோம். சங்கத்துக்குச் செலவு குறைவு, அம்மாவுக்கும் கூலி கிடைத்தது. அவரைக் காண வேண்டும் என்றால் சங்கத்தில் கேட்டுப் போய்க் காணலாம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் இணையப் பக்கத்திலும் முகநூலிலும் இப்போது விளம்பர வீடியோக்கள் வருகின்றன. விளம்பரம் தருகிறவர் நிரப்பும் படிவத்தில், இதில் அனுபவம் சொல்லும் ஆள் உண்மையில் இருக்கிறாரா என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். இல்லை என்றால், இவர் கணினி உருவாக்கிய பாத்திரம் என்ற வரி வீடியோ ஓடி முடியும்வரை தமிழில், வாசிக்கக்கூடிய அளவில் திரையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கடன், மருந்து, வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் என்றால் அப்படிப்பட்ட பாத்திரத்தையே ஏற்காதீர்கள். வடக்கில் ஒரு பத்திரிகை இதைத் தொடங்கினால், எங்களைப் போன்ற சிறிய தொழில் செய்கிறவர்களும் அதைக் காட்டியே வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
அனிமேசன் கலைஞர் ஒருவர்,
கரடிப்போக்கு, கிளிநொச்சி.