சிவப்பு கப்பை வெறும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க விருந்துகளின் பிளாஸ்டிக் கப்பை வெறும் குப்பையாக மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. சோலோ நிறுவனம் 1970களில் கொண்டுவந்த அந்த கப், வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, கல்லூரி விடுதி தொடங்கி அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்று கொல்லைப்புறத்தில் இறைச்சி சுடும் குடும்பங்கள் வரை எத்தனையோ பேரின் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்க்கரில் பெயர் எழுதி வைத்துவிட்டு ஆடப் போவார்கள், திரும்பி வந்தால் ஈரத்தில் பாதி எழுத்து அழிந்திருக்கும், அப்புறம் இது யாருடையது என்று ஒரு பஞ்சாயத்து. பீர் உள்ள கப்புக்குள் பந்தை எறியும் பீர் பாங் ஆட்டத்துக்கு முக்கோணமாக அடுக்குவதும் இதைத்தான். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகை என்பதால் பல ஊர்களில் மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை, அது பெரிய குறைதான். சரி, பொருளை மாற்றட்டும், நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் அப்படியே வைக்கட்டும்.

- ஒரு வாசகர், நியூ ஜெர்சி