உரப் பை கொடுத்த அண்ணனுக்கு

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றி எழுதப் போன என்னை, வாடகை வண்டிக்காரர் பாதி மேட்டிலேயே 'வந்துடுச்சு' என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கே வந்தது? மூடுபனி, அப்புறம் தூறல், கையில் குறிப்பேடு வேறு.

அப்போதுதான் கேரட் மூட்டையோடு ஸ்கூட்டரில் நீங்கள் வந்தீர்கள். மூட்டையை முன்பக்கம் காலடிக்கு நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தீர்கள். காலி உரப் பை ஒன்றை உதறி, "நனைஞ்சா எழுத்தெல்லாம் போயிரும் தம்பி, இதுல வைங்க" என்றீர்கள். ஆய்வக வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

அந்தக் குறிப்பேட்டில் இருந்ததைச் சொல்கிறேன், அண்ணே. 1901-லிருந்து அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியனில் தெரிந்த கரும்புள்ளி ஒன்றின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, ஆராய்ந்தபோது, அதில் உள்ள கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து துளி விலகியிருந்தன. முடியளவு விலகல்தான். வாயு நகர்ந்தால் அந்தக் கோடுகள் இடம் மாறும்; அதை வைத்தே, கரும்புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர். நம் மலையில் நடந்த காரியம்!

அன்று எனக்குச் சூரியன் காணக் கிடைக்கவில்லை, அது வேறு கதை. காசு நீட்டியதற்கு முறைத்தீர்கள், பெயரும் சொல்லவில்லை. ஒரு பக்கம்கூட நனையவில்லை. மிக்க நன்றி, அண்ணே. பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யூரியா வாசனையோடு.