துணியின் உள்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் துணிமணியில் காசைக் கரைக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மறுக்க மாட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருடமாக மெஷின் மிதிக்கிறேன். ரீல்ஸில் பார்த்து 400 ரூபாய்க்கு வாங்கிய குர்தி, இரண்டாவது சலவையிலேயே அக்குளில் பிரிந்து என் கடைக்கு வராத வாரம் இல்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே விரற்கடைத் துணிகூட விட்டிருக்க மாட்டார்கள். எதைப் பிடித்து நான் தைப்பது?

ஆனால் அதே போனில்தான் இந்த வயதில் நான் படித்துக்கொண்டும் இருக்கிறேன்.

ஒருநாள் என் மகள் யூடியூபில் ஒன்று காட்டினாள். துணியின் ஓரத்தில் நாலு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கச் சொன்னார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகும். 'சுத்த காட்டன்' என்று ஒரு அக்கா தைக்கக் கொடுத்திருந்த சுடிதாரின் வெட்டுத்துண்டை அன்றைக்கே விளக்கில் காட்டினேன். மணி மணியாக இறுகியது. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு போகிறது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டேன். கெடிலம் ஆறு கடலில்தான் போய்ச் சேருகிறது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தையல் வேலை செய்த பெண்கள். முதல்நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து பல நாட்டுக்காரர்கள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, 'என் துணியைத் தைத்தது யார்?' என்று கம்பெனிகளைக் கேட்டுப் படம் போடுகிறார்கள். அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தைத்ததை அப்படித் திருப்பிப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அலுத்துப்போன துணியைத் தானம் செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று பல வீடியோக்கள் முடிகின்றன. 2004 சுனாமியின்போது லாரி லாரியாக வந்த பழந்துணி ரோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். வீட்டையே இழந்து நின்றவர்கள்கூட அதைத் தொடவில்லை. தானம் என்று சொல்லி நம் பீரோவைத்தான் காலி செய்கிறோம்.

இன்னொரு குறை, நம் பக்கத்துத் துணி அந்த வீடியோக்களில் வருவதே அபூர்வம். கைத்தறி லுங்கிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கைத்தறித் துணியின் இரண்டு கரையிலும் ஊசி குத்தியதுபோல் பொடித்துளை இருக்கும். நெய்யும்போது அகலம் சுருங்காமலிருக்கக் குத்திவைக்கும் குச்சியின் தடம் அது. இதை எனக்குச் சொன்னவர் அந்த ஊர் நெசவாளர் ஒருவர். எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

உங்கள் பத்திரிகைக்கும் யூடியூப் சேனல் இருக்கிறது. வாரம் ஐந்து நிமிடம் தறிக்கும் தையல் மெஷினுக்கும் ஒதுக்குங்கள். காலர் நைந்த சட்டையில் காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் இன்னும் இரண்டு வருடம் உழைக்கும். பட்டுப்புடவையில் கரை விட்டுப்போனால் எப்படி ஒட்டுவது, வளர்கிற பிள்ளைக்குப் பாவாடையில் எவ்வளவு மடிப்பு விடுவது, எல்லாம் செய்து காட்டுகிறேன். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் ஆள் அனுப்பினால் போதும்.

தங்கள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்